கபடி: கையின் பெயரா, மூச்சின் பெயரா?

மாப்பிள்ளையூரணி உள்ளிட்ட தூத்துக்குடி வட்டாரத்தில் கோயில் கொடை என்றால் மின்னொளி கபடிப் போட்டியும் கூடவே வரும். திடலைச் சுற்றி நிற்பவர்களிடம் 'கபடி'க்கு என்ன பொருள் என்று கேளுங்கள், பதில் தயாராக இருக்கும்: "கை, பிடி. கைபிடிதான் கபடின்னு ஆச்சு." கேட்க இனிக்கிறது. சொல்லாராய்ச்சியில் இனிப்பதைத்தான் இன்னொரு முறை கடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த விளக்கம் நிலைத்ததற்குக் காரணம் ஆட்டத்திலேயே உண்டு. 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலக் களத்தில் ஒருவன் நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிப் போகிறான். எதிரே ஏழு பேர். அவன் உள்ளே வருவதை யாரும் தடுப்பதில்லை. திரும்பிப் போவதைத்தான் தடுக்கிறார்கள். ஒருவர் கணுக்காலை வளைக்க, மற்றவர் தொடையைக் கட்ட, சங்கிலி கோத்து நிற்பவர்கள் மேலே விழுகிறார்கள். அப்போதும் அவன் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், தொட்டுப் பிடித்த அத்தனை பேரும் அவுட். தடுக்க மூவரோ அதற்கும் குறைவாகவோ நின்று பிடித்துவிட்டால் 'சூப்பர் டேக்கிள்' என்று கூடுதலாக ஒரு புள்ளி.

வீடியோ கேமிலும் இதே வேலை நடக்கிறது. நிண்டெண்டோ 1999இல் வெளியிட்ட சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் வகை ஆட்டங்களில், மேடைக்கு வெளியே அடித்துத் தள்ளப்பட்டவன் மறுபடி ஏறவிடாமல் மறிக்க வேண்டும். அதற்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'எட்ஜ்கார்டிங்', அதாவது விளிம்புக் காவல். மறிக்கிறவன் பக்கம் நின்று வைத்த பெயர் அது. கைபிடிதான் கபடி என்றால் நம் ஆட்டத்தின் பெயரும் மறிக்கிறவர் கட்சிக்குப் போய்விடும்.

ஆனால் ஒலி இடம்கொடுக்கவில்லை. இந்தியில் இச்சொல்லைச் சொல்லும்போது 'டி'யை அழுத்தி இரட்டிக்கிறார்கள். நம் சொல்லில் இரட்டிப்பு வருமானால் அது பகரத்தில் வரும்: கைப்பிடி. தவிர, 'பிடி' நம் பேச்சில் 'புடி' ஆகும், 'படி' ஆவதில்லை. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் நெடுங்காலம் சடுகுடுவாகவே இருந்தது. தேவநேயப் பாவாணரும் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' நூலில் சடுகுடு என்றே எழுதினார். மராட்டியப் பகுதியில் 1920களில் விதிகள் வகுக்கப்பட்டன. 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு வந்தது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியானது. அந்த வழியில்தான் 'கபடி' இங்கே ஊன்றியது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் அர்ஜுனா விருது வாங்கியதும் கபடிக்காகத்தான். சடுகுடு என்ற பெயருக்கு விருதுப் பட்டியலில் இடமில்லை. வஞ்சகனைக் குறிக்கும் 'கபடி' என்ற பழஞ்சொல் ஒன்றும் உண்டு. அது 'கபட'த்திலிருந்து வந்த வடசொல். எழுத்து ஒன்று, குடும்பம் வேறு.

அப்படியானால் பெயர் எங்கிருந்து வந்தது? அக்கம்பக்கத்துப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். தெலுங்கில் செடுகுடு, மராத்தியில் ஹுதூதூ, வங்காளத்தில் ஹாடுடு, இலங்கையில் குடு. கோட்டையோ பிடியையோ ஆளையோ சொல்லும் பெயர் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே பாடிப் போகிறவன் வாயிலிருந்து வரும் ஒலி. 'குடுகுடு'வென ஓடுவதும் 'சடசட'வென முறிவதும் நம்மிடம் ஒலிக்குறிப்புகளாக இருக்கின்றன. சடுகுடுவும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். கபடியையும் அந்த வரிசையில் வைப்பதே பொருந்தும்.

பாட்டுக்கு வேலை இருந்தது. கடிகாரம் இல்லாத திடலில் ஒரு மூச்சுதான் கால அளவு. அவன் நடுவில் மூச்சு வாங்கவில்லை என்பதற்கு அந்த ஓயாத ஒலிதான் சாட்சி. க, ட, ப ஆகியவை காற்றை அடைத்து அடைத்து விடும் எழுத்துகள். இருக்கும் மூச்சைச் சிக்கனமாகச் செலவிட அவை தோதானவை என்பது என் கணிப்பு.

தூத்துக்குடிக் கரைக்கு மூச்சுக் கணக்கு புதிதல்ல. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதுவரை ஒரே மூச்சில் கடலடிக்குப் போய்ச் சிப்பி பொறுக்கி மேலே வந்தவர்களின் கரை இது. முத்துக்குளிப்பவரின் கயிற்றைத் தோணியில் பிடிப்பவர் அவருடைய மைத்துனராகத்தான் இருப்பார் என்று சொல்வதுண்டு. கூடப்பிறந்தவள் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டாராம். கடலில் அவர் பிடி ஆளைக் கரை சேர்த்தது. களத்தில் பிடி ஆளைத் திரும்பவிடாது. இரண்டு இடத்திலும் போகிறவன் கைவசம் இருப்பது அவன் மூச்சு மட்டுமே.

இப்போது ஒரு ரைடுக்கு 30 வினாடி என்று கடிகாரம் எண்ணுகிறது. ஆனாலும் 'கபடி கபடி' நடுவர் காதில் விழுந்தாக வேண்டும் என்ற விதியை யாரும் எடுக்கவில்லை. இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் நடுக்கோட்டைத் தாண்டி, "கைபிடி, கைபிடி" என்று பாடிக்கொண்டே போய்ப் பாருங்கள். ஏழு பேருக்கு நடுவில், பிடிபடக் கூடாதவன் அப்படியா பாடுவான்?