பெயர் ஒன்று, செடி இரண்டு: மஞ்சள் கரிசலாங்கண்ணியின் கதை



போன வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பையனுக்கு மஞ்சள் காமாலை. "மஞ்சக் கரிசலாங்கண்ணிய அரைச்சு மோர்ல குடுக்கறேன் சார்" என்றார் அவன் அம்மா. எங்கே பறித்தது என்று கேட்டேன். வாசலில் இருந்த தொட்டியைக் காட்டினார். "அந்தப் பேரைச் சொல்லித்தான் சார் வித்தாங்க." தடித்துப் பளபளக்கும் இலை, மஞ்சள் பூ. "அம்மிணி, இது அது இல்ல. முதல்ல பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன். நல்லவேளை, அன்றைக்கே போனார்கள்.

வகுப்பில் இலை காட்டிப் பாடம் நடத்தியவனுக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் ஊரில் கரிசலாங்கண்ணி இரண்டு வகை. வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் சின்ன வெள்ளைப் பூவோடு நிற்பது ஒன்று. இலையைக் கசக்கினால் சாறு கறுத்துவிடும். இன்னொன்று மஞ்சள் பூ பூப்பது. பொற்றலைக் கையாந்தகரை என்பது அதன் பழைய பெயர். பொன்னிறத் தலை உடையது என்று பொருள். வள்ளலார் (1823–1874) கரிசலாங்கண்ணியைத் தூதுவளை, முசுமுசுக்கை, சீரகத்தோடு சேர்த்து உட்கொள்ளச் சொன்னார். அதனால் இன்றும் பல வீடுகளில் இது கீரை மட்டுமல்ல, மரியாதைக்குரிய மூலிகை.

இப்போது தொட்டியில் இருந்த செடிக்கு வருவோம். அது மத்திய அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் பக்கத்தைச் சேர்ந்தது. அழகுக்காகத் தோட்டம் தோட்டமாக உலகம் சுற்றியது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'சிங்கப்பூர் டெய்சி'. ஆனால் சிங்கப்பூர் அதன் சொந்த ஊர் இல்லை!

சுவீடன் நாட்டு லின்னேயஸ் நம் செடிக்கு 1753-லும், அமெரிக்கச் செடிக்கு 1759-லும் பெயர் வைத்தார். இரண்டையும் வேறு வேறு பேரினத்தில்தான் வைத்தார். பின்னால் வந்தவர்கள் இரண்டையும் 'வெடேலியா' என்ற ஒரே பேரினத்தில் சேர்த்தார்கள். 1996-ல் இரண்டும் சேர்ந்தே 'ஸ்பாக்னெட்டிகோலா' பேரினத்துக்கு மாறின. ஆக, இவை நெருங்கிய உறவுக்காரச் செடிகள். நமக்கு மயக்கம் வருவதில் வியப்பில்லை. ஆனால் அக்கா தங்கை என்பதால் இருவரும் ஒருவராகிவிட மாட்டார்கள். நம் முன்னோர் நூல்களில் சொன்ன குணம் அமெரிக்காவிலிருந்து பின்னாளில் வந்த செடியைப் பற்றியது அல்ல.

வந்த செடி சும்மாவும் இருப்பதில்லை. கணுவுக்குக் கணு வேர் விடும். வெட்டிப் போட்ட துண்டும் பிழைத்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

தோட்டத்திலிருந்து தப்பிய மஞ்சள் பூ இங்கிலாந்திலும் உண்டு. சிசிலித் தீவின் ராக்வொர்ட் ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் தோட்டத்தில் வளர்ந்தது. சுவர் தாண்டி வெளியேறி, 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்ததும் தண்டவாளச் சரளைக்கல்லைப் பிடித்துக்கொண்டு நாடெங்கும் பரவியது. அந்த நாட்டிலேயே பழைய ராக்வொர்ட் ஒன்றும் இருக்கிறது. அது குதிரை, மாடுகளின் ஈரலைக் கெடுக்கும். காய்ந்து தீவனத்தோடு கலந்தாலும் நஞ்சு போகாது. அதைக் கட்டுப்படுத்த 2003-ல் தனிச் சட்டமே போட்டார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பூவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடியிலுள்ள பச்சைச் செதில்களின் நுனி எல்லாம் பளிச்சென்று கறுத்திருந்தால் அது ஆக்ஸ்ஃபோர்டு ராக்வொர்ட். மேலே தெரியும் மஞ்சளை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

நம் செடிகளுக்கும் அதே பாடம்தான். பூவை விடுங்கள், இலையைப் பாருங்கள்.

🌿 மஞ்சள் கரிசலாங்கண்ணி: இலை குறுகி நீண்டிருக்கும், தொட்டால் சொரசொரக்கும். ஓரம் ஏறக்குறைய வெட்டில்லாமல் இருக்கும். இருந்தாலும் ஓரிரு சிறு பற்கள்தான்.

🌿 தொட்டிச் செடி: இலை தடித்துப் பளபளக்கும், மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். அதன் அறிவியல் பெயரில் வரும் 'ட்ரைலோபேட்டா' என்பதற்கே மூன்று மடல் என்றுதான் பொருள். அடையாளத்தைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!

🌿 தாத்தா பூ (வெட்டுக்காயப் பூண்டு): நீண்ட காம்பில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெளிறிய இதழ். இதையும் கரிசலாங்கண்ணி என்று பறிப்பவர்கள் உண்டு. இதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

தொட்டியில் அழகுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். கழித்த துண்டுகளை மட்டும் வாய்க்காலில் வீசாதீர்கள். கீரை என்று பறிக்கும் முன் இலையைத் தடவிப் பாருங்கள். காமாலை என்றால் எந்த இலையையும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள்; முதலில் ரத்தப் பரிசோதனை, மருத்துவர்.

இன்று காலை அந்தப் பையனைப் பார்த்தேன். வாசலில் நின்று இலையின் மடல்களை எண்ணிக்கொண்டிருந்தான். "மூணு சார்" என்றான்.

உங்கள் ஊரில் இந்தச் செடிகளுக்கு என்ன பெயர்? சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.