மங்கில் வடியும் பாலும் உயிரணுப் பாடமும்



நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் ஆறாம் படிவத்தை முடித்துப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்கச் செல்கின்றனர். முதலாண்டிலேயே மூலக்கூறு உயிரியலும் உயிரணு உயிரியலும் எதிர்ப்படுகின்றன. தலையணை போன்ற புத்தகம். ரைபோசோம், லைசோசோம், மைட்டோகாண்டிரியா என்று பெயர்கள் வரிசை பிடித்து நிற்கும். பிள்ளை இரவெல்லாம் விழித்து உருப்போடும். தேர்வு முடிந்த மறுவாரம் பாதி மறந்திருக்கும். அந்த மறதியின்மேல்தான் இரண்டாம் ஆண்டுப் பாடத்தைக் கட்ட வேண்டும். கட்ட முடியாமல் சிலர் படிப்பையே விட்டுவிடுகின்றனர். விடுமுறைக்கு வாடிய முகத்தோடு வரும் பிள்ளையிடம் என்ன கேட்பது என்று பெற்றோருக்கும் தெரிவதில்லை.

இந்தப் பாடம் பிறந்த கதையை அறிந்தால் படிக்கும் முறையே மாறும் என்பது நம் கருத்து. அதனால் முதலில் கதையைப் பார்ப்போம்.

1665ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இராபர்ட் ஹூக் என்பவர் தக்கையை மெல்லியதாகச் சீவி உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். தேன்கூடு போல் சிறு சிறு அறைகள் தெரிந்தன. சிற்றறை என்னும் பொருளில் அவற்றைச் 'செல்' என்றார். உண்மையில் அவர் கண்டது செத்துப்போன உயிரணுக்களின் வெறும் சுவர்களை. குடியிருந்தவர் போனபின் வீட்டைப் பார்த்தது போலத்தான். செடிகளும் விலங்குகளும் உயிரணுக்களால் ஆனவை என்று ஷ்லைடனும் ஷ்வானும் 1838, 1839ஆம் ஆண்டுகளில் எழுதினர். அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் உருப்பெருக்கிகள் வளர்ந்துகொண்டே வந்தன. ஆனாலும் அறைக்குள் எந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் சொல்ல முடியவில்லை.

வழி திறந்தவர் ஆல்பர்ட் குளோட். பெல்ஜியம் நாட்டுக் கிராமத்துப் பிள்ளை. உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர். இரும்பாலையில் வேலை பார்த்தவர். முதல் உலகப் போரில் பணியாற்றியோருக்குக் கிடைத்த சலுகையால் பல்கலைக்கழகத்தில் நுழைந்து மருத்துவம் படித்தார். 1930களில் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வுக்கழகத்தில் கோழிக்கு வரும் ஒரு புற்றுநோயின் காரணியைப் பிரித்தெடுக்க முயன்றார். உயிரணுக்களை அரைத்து, சாற்றைச் சுழல்பொறியில் ஊற்றிச் சுற்றினார். கனமானவை அடியில் தங்கும். இலேசானவை மேலே நிற்கும். நோயுற்ற திசுவில் கிடைத்தது போன்ற துகள்களே நல்ல திசுவிலும் கிடைத்தன! தேடிய பொருளோடு உயிரணுவின் சொந்த உறுப்புகளும் கைக்கு வந்தன. உயிரணுவைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராயும் கலை இப்படித்தான் வளர்ந்தது.

அதே கலையைக் கையாண்ட இன்னொரு பெல்ஜியம் நாட்டவர் கிறிஸ்டியன் டி டூவ். 1949இல் எலியின் ஈரலில் உள்ள நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். முரட்டுத்தனமாக அரைத்தால் ஒரு நொதி நன்றாக வேலை செய்தது. மென்மையாக அரைத்தாலோ பத்தில் ஒரு பங்குதான் தெரிந்தது. ஏதோ கைப்பிழை என்று கொட்டிவிட்டிருக்கலாம். கொட்டவில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்து, ஐந்து நாள் கழித்து அதே சாற்றை மீண்டும் சோதித்தார். காணாமற்போன நொதி திரும்பி வந்திருந்தது!

இந்த இடத்தில் மாணவர் புத்தகத்தை மூடிவிட வேண்டும். மூடிவிட்டு, 'இதற்கு என்ன காரணம் இருக்கலாம்?' என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நொதி ஒரு பைக்குள் அடைபட்டிருந்தது; மென்மையாக அரைத்தபோது பை உடையவில்லை; நாட்பட நாட்பட உடைந்து நொதி வெளியே வந்தது. டி டூவ் எண்ணியதும் இதுதான். 1955இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார்கள். 1974இல் குளோட், டி டூவ், ஜார்ஜ் பலாடி ஆகிய மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

புத்தகத்தில் லைசோசோமுக்கு ஒரு வரி இலக்கணம் இருக்கிறது. அந்த வரியை உருப்போட்டவருக்குச் சொல் மட்டும் கிடைக்கிறது. குளிர்ப்பெட்டிக் கதையை அறிந்தவர், மறந்தாலும் யோசித்து மீட்டுக்கொள்வார். ஆகவே படிக்கும்போது ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் 'இது எப்படித் தெரிந்தது?' என்று எழுதிவைப்பது நல்லது. பெற்றோர் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. பதிலை நமக்குப் புரியும்படி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் பாடம் இன்னும் புரியவில்லை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

இப்போது நம் தீம்பாருக்கு வருவோம். உளி பட்டதும் மங்கில் வடிகிறதே பால், அது வெறும் மரத்துச் சாறு அன்று. பட்டைக்குள் உயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து குழாய்களாக ஓடுகின்றன. அவற்றுக்குள் இருக்கும் உயிரணுக்குழம்புதான் பால். எலியின் ஈரலை அரைக்க வேண்டியிருந்தது. பால்மரமோ அரைக்காமலே உயிரணுவின் உள்ளடக்கத்தை ஊற்றித் தருகிறது. உட்கரு முதலிய சில பகுதிகள் பெரும்பாலும் குழாய்க்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அதனால்தான் சீவிய மரத்தில் மறுபடியும் பால் ஊறுகிறது.

மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் அமைந்தது. 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்தில் இணைந்தது. அந்தக் கழகத்தின் ஆய்வேட்டில் 1953ஆம் ஆண்டு குக், சேகர் என்னும் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். புவியீர்ப்பைப் போல் 59,000 மடங்கு விசையில் அவர்கள் பாலைச் சுழற்றினர். ரப்பர் மேலே வெண்ணெய் போல் ஒதுங்கியது. நடுவில் தெளிந்த நீர். அடியில் மஞ்சள் கலந்த வண்டல். அந்தச் சேகர்தான் பின்னாளில் டான்ஸ்ரீ பி.சி. சேகர். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, 1966இல் அக்கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரானவர்.

அடி வண்டலில் பெரும்பகுதி லூட்டாய்டு என்னும் நுண்பைகள். அவை லைசோசோமுக்கு உறவு. டி டூவைத் திகைக்க வைத்த நொதியின் வகை அவற்றிலும் உண்டு. விடியற்காலையில் சீவிய மரத்தில் சில மணி நேரத்தில் பால் நின்றுவிடுகிறதே, ஏன்? வெட்டுவாயில் இந்தப் பைகள் உடைகின்றன. உள்ளிருந்து வரும் பொருள்கள் ரப்பர்த் துகள்களைத் திரளச் செய்து குழாயின் வாயை அடைக்கின்றன. கழகத்தின் ஆய்வாளர்கள் 1960களில் இதை ஆராய்ந்து விளக்கினர். இவ்வளவு நுட்பமான பாடம் அம்மாவின் வாளியிலேயே இருக்க, 'நமக்கும் உயிரணுவுக்கும் என்ன சம்பந்தம்' என்று பிள்ளை மலைப்பது வீண்.

படிக்கும் முறையைப் பற்றி ஒரு சோதனையையும் சொல்ல வேண்டும். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் செய்தது. சில மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு தடவை படித்தனர். வேறு சிலர் ஒரு தடவை படித்து, மூன்று தடவை பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 100க்கு 40. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. உருப்போடுகிற பிள்ளை ஏமாறுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான். ஆகவே வெள்ளைத்தாளில் உயிரணுவை வரைந்து பார்ப்பதும், பழைய பாடத்தைச் சில நாள் விட்டு மீண்டும் எழுதுவதும் படித்ததை நிலைக்கச் செய்யும். கோடு போட்டு வண்ணம் தீட்டுவதில் நமக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

முதலாண்டு மாணவருக்கு ஒரு பயிற்சி. 1958இல் மெசல்சன், ஸ்டால் இருவரும் கனமான நைட்ரஜனில் பாக்டீரியாவை வளர்த்து, பின்பு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினர். டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பழைய இழைகள் இரண்டும் சேர்ந்தே இருக்குமா, ஆளுக்கொன்றாகப் பிரியுமா, துண்டு துண்டாகக் கலக்குமா? முதல் தலைமுறை டி.என்.ஏ.வைச் சுழற்றினால் எங்கே நிற்கும், இரண்டாம் தலைமுறை எங்கே நிற்கும் என்று மூன்று நிலைக்கும் படம் வரையுங்கள். வரைந்த பின்னரே புத்தகத்தின் விடையைப் பாருங்கள்.

அது முடிந்தால் வீட்டுக் கேள்வி ஒன்று. பட்டையில் எத்திரல் பூசிய மரத்தில் பால் வழக்கத்தைவிட நெடுநேரம் வடியும், அடைப்பு தாமதமாகிறது. அந்த மருந்து லூட்டாய்டுப் பைகளை என்ன செய்திருக்கலாம்? அடுத்த விடுமுறையில் தந்தையோடு உட்கார்ந்து யோசிக்கலாம். பால் எத்தனை மணிக்கு நின்றது என்பது அவருக்குத்தான் தெரியும்.