ஒரு பிஷப்பின் கணக்கு

எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும். எங்கள் ஊர்ப் பெருமாள் கோவில் மண்டபத்தில் ஒரு பாகவதர் பத்து நாள் ராமாயண காலட்சேபம் செய்தார். கும்பகர்ணனை எழுப்பும் கட்டம். ஆயிரம் யானைகளை அவன் மேல் ஏற்றி நடக்கவிட்டார்கள் என்று அவர் சொன்னபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து, "அத்தனை யானைக்கும் அவன் மேலே இடம் இருந்ததா, மாமா?" என்று கேட்டுவிட்டேன். மண்டபம் முழுவதும் சிரிப்பு. பாகவதர் ஜால்ராவை ஒரு தட்டுத் தட்டி, "பகவத் விஷயத்திலே கணக்குப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். என் தகப்பனார் தொடையில் கிள்ளியது இன்னும் நினைவிருக்கிறது.

அன்று இரவு பாகவதருக்கு எங்கள் வீட்டில்தான் பலகாரம். திண்ணையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தவர் என்னை அருகே கூப்பிட்டார். "அம்பி, நீ கேட்டது சரியான கேள்விதான். எனக்கும் அது சின்ன வயசிலேயே தோன்றியிருக்கிறது. ஆனால் மண்டபத்திலே அதைச் சொன்னால் நாளைக்கு எவன் வருவான், சொல்லு?" என்றார்.

நல்ல மனிதர். திண்ணையில் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் திண்ணைக்கு ஓர் உண்மை, மண்டபத்துக்கு ஓர் உண்மை என்று இரண்டு வைத்திருந்தார். எல்லா மதங்களிலும் பெரியவர்கள் அநேகமாக இப்படித்தான் காலம் தள்ளியிருக்கிறார்கள். திண்ணையில் சொல்ல வேண்டியதை மண்டபத்திலேயே சொல்லிவிட்டு, அதற்கு உரிய விலையையும் கொடுத்த ஒருவரின் சரித்திரத்தைப் பிற்காலத்தில் படித்தேன். அவர் ஆங்கிலேயர், கிறிஸ்தவ பிஷப். இருந்த இடம் தென்னாப்பிரிக்காவின் நேட்டால்.

நேட்டால் நமக்கு அந்நியமான பெயர் அல்ல. 1860ல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், கரும்புத் தோட்டங்களில் உழைக்க நம்மவர்களைக் கொண்டுபோய் இறக்கிய கரை அது. 1893ல் காந்தியடிகளை முதல் வகுப்பு வண்டியிலிருந்து கீழே தள்ளினார்களே, அந்தப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையமும் அங்கேதான் இருக்கிறது. அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், காந்தியடிகள் வருவதற்குப் பத்து வருஷம் முன்பு வரை பிஷப்பாக இருந்தவர் ஜான் வில்லியம் கொலென்ஸோ.

கொலென்ஸோ 1814ல் கார்ன்வாலில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் இரண்டாவதாகத் தேறினார். ஹாரோ பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தார். அவர் எழுதிய கணிதப் பாடப் புத்தகங்களை இரண்டு தலைமுறைப் பையன்கள் உருப்போட்டார்கள். இப்படிப்பட்ட கணக்கு வாத்தியாரை 1853ல் நேட்டாலின் முதல் பிஷப்பாக நியமித்தார்கள். வாத்தியார் உத்தியோகத்தை விட்டாலும் கணக்கு அவரை விடவில்லை என்பதுதான் கதை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குச் சற்று வெளியே எக்குகான்யேனி என்று ஒரு இடத்தை அமைத்துக் குடும்பத்துடன் குடியேறினார். ஜூலு பாஷையில் அதற்கு 'வெளிச்சத்தின் இடம்' என்று பொருள். பாஷையைக் கற்றார், இலக்கணம் எழுதினார், அகராதி தொகுத்தார், வேதாகமத்தை ஜூலுவில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். அந்த வேலையில் அவருக்குக் கூடமாட இருந்தவர் வில்லியம் இங்கிடி என்ற ஜூலுக்காரர். வெறும் எடுபிடி ஆள் அல்ல. 1859ல் பிஷப்புடன் ஜூலு அரசர் இம்பாண்டேயைப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் பயணத்தைத் தம் கையாலேயே எழுதியவர்.

ஒரு நாள் ஆதியாகமத்தின் ஜலப்பிரளயக் கட்டம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. நோவாவின் பேழைக்குள் சகல ஜந்துக்களும் ஜோடி ஜோடியாக வந்து நுழைகின்றன. இங்கிடி நிமிர்ந்து பார்த்து, இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா, உஷ்ண தேசத்து மிருகமும் குளிர் தேசத்து மிருகமும் எல்லாமா வந்தன, நோவா அத்தனைக்கும் தீனி சேர்த்தாரா என்று கேட்டார். தாங்கள் இதை நம்புகிறீர்களா என்பதுதான் கேள்வியின் முனை.

கொலென்ஸோ பூகர்ப்ப சாஸ்திரமும் படித்திருந்தவர். பிரான்ஸில் ஓவெர்ன் பிரதேசத்து எரிமலைக் குன்றுகளின் மேல் லேசான சாம்பலும் கல்லும் ஆதிநாள் முதல் கலையாமல் கிடக்கின்றன. உலகம் முழுவதையும் மூடிய வெள்ளம் வந்திருந்தால் அவை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். நடந்தது என்று சொன்னால் பொய். நடக்கவில்லை என்றால், இத்தனை நாள் போதித்தது என்ன?

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. அன்று அவர் முழுப் பதிலைச் சொல்லவில்லை. வேதத்தின் பொதுவான நம்பகத்தன்மைக்குப் பங்கம் வராமல், இங்கிடிக்கு அப்போதைக்குத் திருப்தி தரும்படியாக ஏதோ சொல்லிச் சமாளித்தார். இதை நமக்குச் சொல்கிறவர் கொலென்ஸோவேதான். தம் புத்தகத்தின் முன்னுரையில் அச்சுப்போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரும் ஒரு நாள் திண்ணையில்தான் இருந்தார். நம் பாகவதருக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம், அந்த அரைப் பதில் அவரைத் தூங்கவிடவில்லை.

வேதத்தின் முதல் ஐந்து ஆகமங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தார். எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலரில் யுத்தத்துக்குத் தக்க புருஷர் மட்டும் 6,00,000 என்றால், பெண்டு பிள்ளைகளுடன் 20 லட்சத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை பேரும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் கூடினார்கள் என்கிறது வேதம். கூடாரத்தின் பிராகாரமோ 100 முழம் நீளம், 50 முழம் அகலம். தலைப்பிள்ளைகள் 22,273 பேர் என்று எண்ணாகமத்தில் கண்டிருக்கிறது. ஆண்களின் மொத்தத் தொகையை அதனால் வகுத்தால் ஒவ்வொரு தாய்க்கும் 42 ஆண் பிள்ளைகள்! பிள்ளை பெற்றவர்கள் செலுத்த வேண்டிய பலிப் புறாக்களைக் கணக்கிட்டால், இருந்த மூன்று ஆசாரியரும் தலைக்கு 88 புறா வீதம் தினந்தோறும் சாப்பிட்டாக வேண்டும்! என் ஆயிரம் யானை எனக்கு இங்கேதான் ஞாபகம் வந்தது.

1862 அக்டோபரில் லண்டனில் முதல் பாகம் வெளிவந்தது. ஊரே இரண்டுபட்டது. ஜூலுக்காரனை மதம் மாற்றப் போன பிஷப்பை ஜூலுக்காரன் மாற்றிவிட்டான் என்று கேலி செய்தார்கள். இங்கிலாந்து பிஷப்புகளில் மிகப் பெரும்பாலோர் அவரை ராஜினாமாச் செய்யச் சொன்னார்கள். பழைய சிநேகிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கேலி செய்தவர்களை விட்டுவிடலாம். ஆனால் மாத்யூ ஆர்னால்டு என்ற கவியும் விமரிசகருமான பெரிய மனிதர் எழுப்பிய ஆட்சேபத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. இந்தக் கணக்கெல்லாம் படித்தவர்களுக்குப் புதிதல்ல, பாமர ஜனங்களின் மனத்தை உயர்த்தவும் இதனால் முடியாது. பிறகு எதற்கு இந்தப் புத்தகம் என்றார் அவர். பாகவதரின் வாதத்தையே கோட்டும் தொப்பியும் போட்டு அழைத்து வந்தார் என்று சொல்லலாம். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நம்பிக்கை ஒன்றையே ஊன்றுகோலாகக் கொண்டு நடக்கும் ஒரு கிழவியிடமிருந்து அதைப் பிடுங்குவது தர்மமா என்பது லேசான கேள்வி அல்ல.

ஆனால் கேள்வி கேட்டது யார்? லண்டன் பேராசிரியர் அல்ல. பாமரர் என்று அவர்கள் யாரை நினைத்தார்களோ, அவர்களில் ஒருவர். பாமரனுக்குச் சந்தேகமே வராது என்று படித்தவர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். வந்த பிறகு அவனிடம் பொய் சொன்னால், கிழவியின் ஊன்றுகோலை நாமே செல்லரிக்க விடுகிறோம். கொலென்ஸோவுக்குக் கடவுளிடத்தில் நம்பிக்கை குறையவில்லை. சத்தியமான கடவுளுக்குப் பொய்யால் முட்டுக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் அவர் கட்சி.

1863ல் கேப் டவுனில் பிஷப் கிரே தலைமையில் விசாரணை நடத்தி, அவரைப் பதவி நீக்கம் செய்ததாகத் தீர்ப்புச் சொன்னார்கள். 1865ல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது. அவர் நேட்டாலுக்குத் திரும்பினார். 1866ல் சபைக்குப் புறம்பாக்கினார்கள். 1867ல் கூடிய முதல் லாம்பெத் மகாநாட்டுக்கு இந்தத் தகராறும் ஒரு காரணம். சபைக்கு அஸ்திவாரம் கிறிஸ்துவே என்று தொடங்கும் ஞானப்பாட்டு ஒன்று நம் ஊர்த் தேவாலயங்களிலும் தமிழில் பாடப்படுகிறது. அது கொலென்ஸோ கலகத்தின்போது அவருக்கு மறுப்பாக 1866ல் ஆங்கிலத்தில் இயற்றப்பட்டது என்பது பாடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

பெரிய குருமார் கைவிட்டாலும், நேட்டாலின் வெள்ளைக்காரக் குடியேறிகளில் பலர் அவர் பக்கம் நின்றார்கள். அவர் பிரசங்கத்தைக் கேட்கக் கூட்டம் கூடியது. இதோடு கதை முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் நோவாவைப் பற்றிய உண்மையைக் கேட்டு ரசிப்பது சுலபம். தங்களைப் பற்றிய உண்மை வந்தபோதுதான் சோதனை வந்தது.

1873ல் ஹ்லூபி ஜாதித் தலைவர் லங்காலிபலேலே, தம் இளைஞர்களின் துப்பாக்கிகளைப் பதிவு செய்யும் விஷயத்தில் சர்க்காரின் அழைப்புக்குப் போகப் பயந்து மலையைத் தாண்டி ஓடினார். கைகலப்பில் சில உயிர்கள் போயின. அதற்காக அந்த ஜாதியையே சூறையாடினார்கள். தலைவரைப் பிடித்து, சரியான வக்கீல் கூட இல்லாத ஒரு விசாரணையில் ஆயுள் தண்டனை விதித்து, ராபன் தீவுக்கு அனுப்பினார்கள். அவர் ஏன் பயந்தார் என்று கொலென்ஸோ துருவினார். 1858ல் இன்னொரு தலைவரைப் பேச்சுக்கென்று அழைத்து, ஒளித்துவைத்த ஆயுதங்களுடன் மடக்கப் பார்த்த வஞ்சகம் வெளிப்பட்டது. அதைச் செய்தவர் ஜான் ஷெப்ஸ்டன்; கொலென்ஸோவின் இருபது வருஷச் சிநேகிதரும், சுதேசிகள் இலாகா அதிகாரியுமான தியோஃபிலஸ் ஷெப்ஸ்டனின் தம்பி. சிநேகிதமா, உண்மையா? பிஷப் 1874ல் லண்டனுக்குப் போய் மந்திரியிடம் முறையிட்டார். கவர்னர் திரும்பி அழைக்கப்பட்டார். சிநேகிதம் முறிந்தது. பஞ்சாகமத்துக்காக அவருடன் நின்ற குடியேறிகள் பலர் இப்போது விலகிப் போனார்கள்.

1879 ஜனவரி 22. இசாண்டில்வானாவில் ஜூலுப் படை ஆங்கிலப் படையை நொறுக்கியது. அந்தப் பக்கத்தில் 1,300 பேருக்கு மேல் மாண்டார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எத்தனையோ வீடுகளில் இழவு. மார்ச் 12ஆம் தேதியைப் பிரார்த்தனை நாளாக அறிவித்தார்கள். தேவாலயத்தில் கறுப்பு உடுத்திய ஜனங்கள் முன்னிலையில் பிஷப் ஏறி நின்றார். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வேறு எந்தக் குருவும் அதைத்தான் செய்திருப்பார்.

அவர் மீகா தீர்க்கதரிசியின் வசனத்தை எடுத்துக்கொண்டார்: நியாயம் செய்வது, இரக்கத்தை விரும்புவது, தாழ்மையாக நடப்பது. ஜூலுக்களிடம் நாம் செய்த நியாயம் எது, காட்டிய இரக்கம் எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். லங்காலிபலேலே விவகாரத்தைச் சொன்னார். எல்லைத் தகராறில் ஜூலுக்கள் பக்கம் நியாயம் இருந்ததைச் சொன்னார். இறந்த நம் வீரருக்காகத் துக்கப்பட்டார். அதே மூச்சில், ஜூலு நாட்டிலும் அழுகிற தாய்மாரும் மனைவிமாரும் இல்லையா என்று கேட்டார்.

இருபது வருஷத்துக்கு முன் இங்கிடியிடம் பாதியோடு நிறுத்திய மனிதர், இங்கே பாதியில் நிறுத்தவில்லை. பழைய ஆகமத்துக் கணக்கை விட இது கஷ்டமான கணக்கு. அவருடைய சொந்தச் சபையின் பற்று வரவு.

1883 ஜூன் 20ஆம் தேதி கொலென்ஸோ காலமானார். அதே தேவாலயத்தின் பலிபீடத்துக்கு முன்னால் அவரை அடக்கம் செய்தார்கள். ஜூலுக்கள் அவரைப் பிஷப் என்று சொன்னதைவிட 'சொபாந்து' என்று சொன்னதே அதிகம். ஜனங்களின் தகப்பன் என்று அர்த்தம்.

எங்கள் ஊருக்கு வந்த பாகவதரும் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. அவரைக் குறை சொல்ல இன்றைக்கும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு சிறு பையனிடமாவது உண்மையைச் சொன்னாரே! ஆனால், அன்று மண்டபத்தில் என் கேள்வியைக் கேட்டுச் சிரித்தவர்களில் எத்தனை பேர் மனத்தில் அதே ஆயிரம் யானைகள் நின்றுகொண்டிருந்தனவோ என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கு யாரும் திண்ணையில் இடம் கொடுக்கவில்லை.