பேராயர் விட்ட அம்பு

இந்த எபிசோடில் ஒரு மரணத்தைப் பற்றிப் பேசப் போறோம். அது கொலையா, விபத்தா என்று ஒரு நாடே மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது. 1621-ம் வருஷம், ஜூலை 24. செவ்வாய்க்கிழமை. தெற்கு இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பகுதியில் இருக்கும் பிராம்ஸ்ஹில் பூங்காவில் மான் வேட்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு மானுக்குக் குறிவைத்த அம்பு, ஒரு மனிதரின் கையில் பாய்ந்தது. ரத்தம் நிற்கவே இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஆள் போய்விட்டார்.

இறந்தவர் பீட்டர் ஹாக்கின்ஸ், அந்தப் பூங்காவின் காவலர்களில் ஒருவர். அம்பை விட்டவர் யார் தெரியுமா? ஜார்ஜ் ஆபட். காண்டர்பரி பேராயர். இங்கிலாந்து திருச்சபையில் அரசரை விட்டால் அடுத்த பெரிய ஆள் அவர்தான்.

ஆபட் பிறவிப் பிரபு கிடையாது. கில்ட்ஃபோர்டு என்ற ஊரில் துணித் தொழில் செய்தவரின் மகன். படிப்பால் மேலே வந்தவர். 1611-ல் வெளியான, இன்றைக்கும் உலகம் முழுக்கப் படிக்கிற கிங் ஜேம்ஸ் பைபிளின் மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவர். அதே வருஷம்தான் பேராயரும் ஆனார். சம்பவம் நடந்தபோது வயது 58.

58 வயசுப் பாதிரியார் கையில் ஆயுதம் எப்படி வந்தது என்று தோணும். அதற்கு அந்தக் காலத்து மான் வேட்டை எப்படி நடந்தது என்று பார்க்கணும்.

வேட்டை என்றதும் நமக்குக் காடு, குதிரை, துரத்தல் எல்லாம் ஞாபகம் வரும். ஆனால் இங்கிலாந்துப் பிரபுக்களின் 'பூங்கா' வேறு ரகம். பெரிய நிலத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, மரவேலி போட்டு, உள்ளே மான்களை வளர்ப்பார்கள். வேட்டை நாளில் விருந்தினர் ஓரிடத்தில் நின்றுகொள்வார். காவலர்கள் மான்களைக் கிளப்பி அவர் முன்னால் ஓட வைப்பார்கள். முதலாம் எலிசபெத் ராணி 1591-ல் கௌட்ரே மாளிகைக்கு விருந்துக்குப் போனபோது, அவர் கையில் ஒரு குறுக்கு வில்லைக் கொடுத்தார்கள். வேலிக்குள் அடைத்திருந்த மான்களில் மூன்று நான்கை எய்து வீழ்த்தினார். வேட்டை என்பது பாதி விருந்து உபசாரம்தான்.

இந்த வேட்டைக்குக் குறுக்கு வில் ரொம்பப் பொருத்தம். சாதாரண நெடுவில்லை இழுக்கப் புஜபலம் வேணும், பல வருஷப் பயிற்சி வேணும். குறுக்கு வில் அப்படி இல்லை. துப்பாக்கிக் கட்டை மாதிரி ஒரு மரத்தண்டின் முனையில் வில்லைக் குறுக்காகப் பொருத்தியிருப்பார்கள். நெம்புகோல் வைத்து நாணைப் பின்னுக்கு இழுத்து மாட்டிவிட்டால் போதும், அது அப்படியே நிற்கும். நிதானமாகக் காத்திருந்து குறிபார்த்து, விசையை அழுத்தினால் அம்பு பாயும். துப்பாக்கி மாதிரி சத்தம் போட்டு மந்தையைக் கலைக்காது. வயதானவர்களும் பயன்படுத்தலாம்.

அந்த வேட்டை அம்பு ரத்தம் வெளியேறித்தான் மிருகத்தைக் கொல்லும். அதற்காகவே முனை அகலமாக, கூர்மையாக இருக்கும். அடிபட்ட மான் கொஞ்ச தூரம் ஓடும், ரத்தத் தடத்தைப் பிடித்து நாய்கள் பின்னாடியே போகும். ஹாக்கின்ஸுக்குக் கையில்தான் காயம், ஆனாலும் அவர் பிழைக்காததற்குக் காரணம் இதுதான். மானுக்கு என்ன நடக்கணுமோ, அது அவருக்கு நடந்தது.

எல்லாராலும் குறுக்கு வில் வைத்துக்கொள்ளவும் முடியாது. 1541-ல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒன்று, வருஷத்துக்கு 100 பவுண்டு வருமானம் வரும் அளவுக்குச் சொத்து உள்ளவர்தான் அதை வைத்திருக்கலாம் என்று பொது விதி போட்டது. 100 பவுண்டு! ஒரு பூங்காக் காவலருக்கு எட்டாத தொகை. இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க.

சரி, ஹாக்கின்ஸ் இறந்துவிட்டார். மரண விசாரணை நடந்தது. 'துரதிர்ஷ்டத்தால் நேர்ந்த விபத்து, அதுவும் இறந்தவரின் சொந்தத் தவறால்' என்று தீர்ப்பு வந்தது. அம்பு போகிற வழியில் வராதே என்று முன்னாடியே அவரை எச்சரித்திருந்தார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். இருக்கலாம். ஆனால் யோசிச்சுப் பாருங்க. மானை அம்புக்கு முன்னால் கொண்டுவருவதுதான் காவலர்களின் வேலை. அந்த வேலையைச் செய்யும்போது அம்புக்கும் மானுக்கும் பக்கத்தில் இல்லாமல் வேறு எங்கே இருக்க முடியும்? அந்தக் கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை.

ஆபட் இடிந்துபோனார். ஹாக்கின்ஸின் மனைவிக்கு வருஷம் 20 பவுண்டு உதவித்தொகை ஏற்பாடு செய்தார். தன் மிச்ச வாழ்நாள் முழுக்க மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை உபவாசம் இருந்தார். அரசர் முதலாம் ஜேம்ஸ் தானே பெரிய வேட்டைப் பிரியர். ஒரு தேவதூதரின் கையிலிருந்துகூட இப்படித் தவறிப்போயிருக்கலாம் என்று ஆறுதல் சொன்னார். விஷயம் அதோடு முடிந்திருக்கணும். முடியலை.

காரணம், திருச்சபைச் சட்டம். ரத்தம் சிந்திய கை புனிதக் காரியம் செய்யலாமா? விபத்து என்றால் பரவாயில்லை என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கொஞ்சம் நுணுக்கமான வாதம். நியாயமான காரியம் செய்யும்போது விபத்து நடந்தால் குற்றமில்லை, ஆனால் செய்யக்கூடாத காரியம் செய்யும்போது நடந்தால் குற்றம். 1215-ல் நடந்த நான்காம் லேட்டரன் சபை, குருமார்கள் வேட்டையாடக் கூடாது என்று விதித்திருந்தது. அப்படியென்றால் ஆபட் அங்கே நின்றதே தப்பு. தப்பான இடத்தில் நடந்த விபத்து வெறும் விபத்து ஆகுமா?

இதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்து ஆயர்கள் பலர் தலைமுறை தலைமுறையாகச் சொந்தமாக மான் பூங்கா வைத்திருந்தவர்கள். விதி ஏட்டில் இருந்தது, மான் தட்டில் இருந்தது. ஒரு மனிதர் செத்த பிறகுதான் விதி எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

வாதத்துக்குப் பின்னால் அரசியலும் இருந்தது. அந்த நேரத்தில் சிலர் புதிதாக ஆயர் பதவிக்குத் தேர்வாகியிருந்தார்கள். ஜான் வில்லியம்ஸ், வில்லியம் லாட் இரண்டு பேரும் அதில் உண்டு. அவர்களைத் திருநிலைப்படுத்த வேண்டியவர் பேராயர். 'இந்தக் கையால் வேண்டாம்' என்று மறுத்துவிட்டார்கள். லாட் ஆபட்டின் நீண்டகால எதிரி என்பதையும் சேர்த்துப் பாருங்க. கடைசியில் நவம்பரில் வேறு ஆயர்கள்தான் அவர்களைத் திருநிலைப்படுத்தினார்கள்.

அரசர் பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவைப் போட்டார். ஆயர்கள், நீதிபதிகள், சட்ட அறிஞர்கள். ஆபட்டைச் சந்தேகித்த வில்லியம்ஸும் லாடும்கூட அதில் இருந்தார்கள்! வின்செஸ்டர் ஆயர் லான்சலட் ஆண்ட்ரூஸ் ஆபட்டுக்கு நெருக்கமானவர் இல்லை, ஆனாலும் அவர் பக்கம் நின்றார். குழு சரிபாதியாகப் பிரிந்தது. முடிவு அரசரின் கைக்கு வந்தது. டிசம்பரில் ஜேம்ஸ் முறைப்படி மன்னிப்பு கொடுத்து, ஆபட்டைப் பதவியில் தொடரவிட்டார்.

அதற்கப்புறமும் 12 வருஷம் ஆபட் பேராயராகவே இருந்தார், ஆனால் பழைய செல்வாக்கு திரும்பவில்லை. அடுத்த அரசர் முதலாம் சார்லஸ் 1627-ல் அவரை ஓரங்கட்டினார். 1633-ல் ஆபட் இறந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், அதே வில்லியம் லாட். அவர் முடிவும் நல்லதாக இல்லை. 1645-ல் நாடாளுமன்றம் அவர் தலையை வாங்கியது.

இந்தக் கதையைப் படிக்கும்போது எனக்குத் தசரதன் ஞாபகம் வராமல் இல்லை. கண் தெரியாத பெற்றோருக்காகத் தண்ணீர் மொண்ட பையனை, யானை என்று நினைத்து அம்பு விட்ட அரசன். அதுவும் விபத்துதான். ஆனால் அந்தக் கதையில் செத்த பையனின் அப்பாவுக்கு ஒரு வசனம் உண்டு. புத்திரசோகத்தில் நீயும் சாவாய் என்று சபிக்கிறார். அந்தச் சாபத்தில்தான் மீதி ராமாயணமே நடக்கிறது.

பிராம்ஸ்ஹில் விவகாரத்தில் பேசியது ஆயர்கள், நீதிபதிகள், அரசர். மாசக்கணக்கில் அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: பேராயரின் கை சுத்தமா? ஹாக்கின்ஸுக்கு நடந்தது நியாயமா என்று எந்தக் குழுவும் உட்காரவில்லை. இப்போ அந்த எண்ணுக்கு வருவோம். குறுக்கு வில்லைப் பிடிக்கத் தகுதி, வருஷம் 100 பவுண்டு. அதன் அம்பில் செத்தவரின் மனைவிக்கு, வருஷம் 20 பவுண்டு. அதையும் சட்டம் கொடுக்கவில்லை, ஆபட்டின் மனசாட்சி கொடுத்தது. மாதாமாதம் ஹாக்கின்ஸை நினைத்துப் பட்டினி கிடந்தவரும் ஆபட்தான். அதனால் அவரை வில்லன் ஆக்கிவிட்டு நிம்மதியாகப் போகவும் என்னால முடியலை.

இன்றைக்கு பிரிட்டனில் வில், குறுக்கு வில் எதைக் கொண்டும் காட்டு மிருகங்களைக் கொல்வது சட்டப்படி குற்றம். 1981-ம் வருஷச் சட்டம் அது. பிராம்ஸ்ஹில் மாளிகை பிற்காலத்தில் பல வருஷம் போலீஸ் அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரியாக இருந்தது.

காவலர்கள் வேலையில் செத்த எத்தனையோ பூங்காக்கள் இருந்திருக்கும். அவர்கள் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. பீட்டர் ஹாக்கின்ஸ் பெயர் வந்து சேர்ந்ததற்குக் காரணம், அம்பை விட்டவர் பேராயர் என்பது மட்டும்தான். அடுத்த தடவை ஒரு விபத்துச் செய்தி படிக்கும்போது, யார் மேல் தப்பு என்று முடிவு பண்ணினார்கள், அந்த முடிவை யார் பண்ணினார்கள் என்று ஒரு நிமிஷம் பாருங்க.