சிலுவைராஜின் சாதிச் சான்றிதழ்



நினைவுப் பேருரை என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைவது வழக்கம். ராஜ் கௌதமனுக்கு அது பொருந்தாது. தன்னையே எள்ளி நகையாடி நாவல் எழுதியவர் அவர். நந்தனம் புத்தகக் காட்சியில் அவருடைய ஆய்வு நூல்களைத் தேடி வாங்கும் மாணவர்கள் பலர் அந்த நாவல்களைத் தொடுவதில்லை. எனவே அவற்றைப் பற்றியே பேசுகிறேன்.

வத்திராயிருப்பு அருகே புதுப்பட்டியில் 1950இல் பிறந்தார். தந்தை பட்டாளத்துக்காரர். தங்கை பாமா. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் படித்தார். அ. மாதவையாவைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். புதுச்சேரி அரசுக் கல்லூரிகளில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். 2024 நவம்பரில் மறைந்தார். வேலை, பதவி விவரங்கள் இதற்கு மேல் வேண்டாம்.

ஒரே வீட்டிலிருந்து இரண்டு தன்வரலாறுகள் வந்தன. 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ ‘நான்’ என்று பேசுகிறது. பத்தாண்டு கழித்து அண்ணன் எழுதியபோது ‘நான்’ இல்லை; சிலுவைராஜ் என்றொரு பையன் வருகிறான். அவனைத் தள்ளி நிறுத்தி வைத்து, அவனுடைய பயத்தையும் தாழ்வுணர்ச்சியையும் அற்பத்தனத்தையும் சேர்த்தே சொல்ல முடிந்தது. தலைப்போ ‘சிலுவைராஜ் சரித்திரம்’. மன்னர்களுக்கும் மகான்களுக்கும் உரிய சொல்லைச் சேரிப் பையனுக்குச் சூட்டிய குறும்பு அது. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தம் வாழ்க்கையை ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்று வெளியிட்டதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சரித்திரம் போய் முட்டுவது ஒரு காகிதத்தில். படித்து முடித்த சிலுவைராஜ் கிறிஸ்தவன். ஆகவே பட்டியல் சாதியில் இல்லை. கடைசியில் வேலைக்காக அவன் இந்துவாகிறான். இதைப் பிழைப்புவாதம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் முதலில் சட்டத்தைப் படிக்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருதவில்லை. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார். ஊர் அவரைச் சேரியில் வைத்திருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பியது. தாசில்தார் அலுவலகத்துக்கு மட்டும் அவர் வேறு ஆள்.

இது நம் சென்னையின் கதையும்கூட. ரத்தன் பஜார் முனையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்ற தொழிலாளி, மற்றத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் அவர் மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, அதே கடுமையோடு இழிவுகள் தொடர்கின்றன என்றும் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். எத்தனை சுவர் வேண்டும் அதைக் காட்ட?

ராஜ் கௌதமன் அயோத்திதாசரிடம் போய்ச் சேர்ந்ததை நான் இங்கிருந்துதான் புரிந்துகொள்கிறேன். 1898இல் பௌத்தம் தழுவி, 1907இல் இதோ பக்கத்து இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்திய பண்டிதருக்கு மதம் என்பது தொலைந்த வரலாற்றை மீட்கும் வழி. சிலுவைராஜுக்கு அது விண்ணப்பப் படிவத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம். இரண்டையும் ஒரே மனிதர் எழுதினார். ‘தலித் பண்பாடு’ போன்ற நூல்களில் கோட்பாடாகப் பேசியவற்றை நாவல்களில் உடம்பாலும் சிரிப்பாலும் சோதித்துப் பார்த்தார் என்பது என் கணிப்பு. ‘காலச்சுமை’யில் அந்தச் சிரிப்பு கசந்துபோகிறது: வேலை கிடைத்தும் சாதி விடவில்லை.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. அது நடக்கவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். விடுதியில் சேரச் சான்றிதழோடு வரிசையில் நின்ற மாணவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களில் எத்தனை பேருடைய வீட்டில், வெளியே ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயரும் இருக்கிறது?