‘ஓவர்லேப்’ பிறந்த மடி

‘ஓவர்லேப்’ என்ற ஆங்கிலச் சொல் ஓட்டப் பந்தயத்தில் பிறந்ததாம். முந்தி ஓடுபவர் ஒரு சுற்று மிகுதியாக ஓடிப் பின்தங்கியவரைத் தாண்டுவதே அதன் முதற்பொருளாம். இப்படிச் சொல்வோர் காலத்தைப் பார்ப்பதில்லை. ஓவர்லேப் 18ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய சொல். பந்தயச் சுற்றுக்கு ‘லேப்’ என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. மகள் வயிற்றில் தாய் பிறப்பாளா?

மூலம் துணி. பழைய ஆங்கிலத்தில் ‘லேப்பா’ என்றால் ஆடையின் தொங்கும் ஓரம். கந்தல் துணியைக் குறிக்கும் ஜெர்மன் ‘லாப்பன்’ அதன் உறவு. கோட்டின் மார்பில் மடிந்து கிடக்கும் ‘லேப்பல்’, மாட்டின் அலைதாடியாகிய ‘டியூலேப்’ ஆகியவற்றிலும் இருப்பது இதே லேப். உட்கார்ந்தால் ஆடையின் முன்பகுதி தொடைமேல் படியும். அந்த இடத்துக்கும் அதே பெயர் வந்தது. தமிழிலும் துணியை மடிப்பதற்கும் குழந்தையைக் கிடத்தும் இடத்துக்கும் ‘மடி’ ஒன்றே. ‘மடியில் கனமில்லை’ என்னும் பழமொழியில் மடி என்பது காசு முடிந்த இடுப்புத் துணி. லேப், மடி என்னும் இரு சொற்களுக்கும் ஒலியுறவு கிடையாது. பொருள் நடந்த வழிதான் ஒன்று.

பூனை பாலை நக்கும் ‘லேப்’ வேறு வேர். ‘லேப்ஸ்’ இலத்தீனில் வழுக்கலைக் குறித்த சொல்லின் வழி வந்தது. இவற்றையும் இதனோடு முடிச்சுப் போடுவது ஆராய்ச்சி ஆகாது.

பின்னர் லேப் வினையாகிச் சுற்றுதல், மடித்தல், போர்த்துதல் எனப் பொருள் விரிந்தது. அதன்முன் ‘மேல்’ என்னும் பொருளுடைய ‘ஓவர்’ சேர்ந்தது. ஒன்றன் ஓரம் மற்றொன்றன் ஓரத்தின்மேல் படிவதே ஓவர்லேப். வட ஐரோப்பியப் பழம்படகுகளில் மேற்பலகையின் கீழோரம் கீழ்ப்பலகையின் மேலோரத்தை மூடி நிற்கும். தூணுக்குக் கம்பி கட்டும்போது நம் மேஸ்திரிகள் “லேப் விடு” என்பதும் சரியான ஆட்சி: இரு கம்பிகளின் முனைகள் மட்டுமே சேர்ந்து கிடக்கும். தருக்கவியலாளர் ஜான் வென் 1880இல் வரைந்து காட்டிய வட்டங்களிலும் பொதுப்பகுதி போக ஒவ்வொன்றுக்கும் தனிப்பகுதி எஞ்சுகிறது.

அந்த எச்சமே இச்சொல்லின் உயிர். எஞ்சுவது இல்லையேல் அது முழுப் பொருத்தம். ஆகவே ‘ஒன்றுபடுதல்’ என்று மொழிபெயர்ப்பது பிழை; ‘மேற்படிதல்’ ஓரளவு தகும். பந்தயச் சுற்றுக்கும் ஓவர்லேப்புக்கும் தாய் துணியின் மடிப்பே என்பது என் துணிபு.