தருமபுரம் ஆதீனத்தின் குருமரபும் சமயக் கல்வியும்

தருமபுரம் ஆதீனம் என்பது தமிழ்நாட்டில் மயிலாடுதுறை நகரை ஒட்டியுள்ள தருமபுரத்தில் அமைந்திருக்கும் ஒரு சைவ மடமாகும். திருவில்லிபுத்தூரில் பிறந்த குருஞானசம்பந்தர் இதனை 16 ஆம் நூற்றாண்டில் நிறுவினார். திருவாவடுதுறை ஆதீனம், திருப்பனந்தாள் காசி மடம் ஆகியவற்றுடன் சேர்த்துச் சோழநாட்டின் பெரும் சைவ மடங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. வைத்தீசுவரன் கோயில், திருக்கடவூர், சீர்காழி உள்ளிட்ட 27 கோயில்கள் இதன் நிருவாகத்தில் உள்ளன.

கோயில்களும் நிலங்களும் உடைய நிறுவனமாகவே இம்மடம் பொதுவாக அறியப்பட்டாலும், அடிப்படையில் இது ஒரு சமயக் கல்விக்கூடம் ஆகும். மடத்தின் தலைவர் முதலில் ஓர் ஆசிரியர். நிருவாகி என்பது அதற்கு அடுத்த நிலையே. ஆகவே இங்கு நிகழும் தலைமை மாற்றத்தை ஓர் ஆசிரியரிடமிருந்து அவர்தம் மாணாக்கருக்குப் பாடம் கைமாறும் நிகழ்வாகக் கொள்வதே மரபாகும். இக்கட்டுரை அக்குருமரபையும் அதனோடு பிணைந்த கல்விப் பணியையும் விளக்குகிறது.

சொற்பொருள்

ஆதீனம் என்னும் சொல் மடத்தையும், வழக்கில் அதன் தலைவரையும் குறிக்கும். தலைவர் குருமகாசந்நிதானம் எனவும், அவருக்குப் பின் தலைமை ஏற்பதற்காக அவர் வாழும் காலத்திலேயே தெரிந்தெடுக்கப்படுபவர் இளைய சந்நிதானம் எனவும் அழைக்கப்படுவர். மடத்தில் துறவு பூண்டு பயிலும் அடியவர் தம்பிரான் எனப்படுவார். கோயில்களின் கட்டளைகளைக் கவனிக்க அனுப்பப்படுபவர் கட்டளைத் தம்பிரான் ஆவார். மறைந்த குருவை நல்லடக்கம் செய்து வழிபடும் இடம் குருமூர்த்தம் எனப்படும்.

தோற்றம்

குருஞானசம்பந்தர் சுப்பிரமணிய பிள்ளை, மீனாட்சியம்மை தம்பதியருக்கு மகனாகத் திருவில்லிபுத்தூரில் பிறந்தார். ஆண்டாளும் பெரியாழ்வாரும் பிறந்த ஊர் என்பதால் வைணவத் தலமாகப் புகழ்பெற்ற அவ்வூரே, ஒரு பெரும் சைவ மடத்தின் முதற்குருவுக்கும் பிறப்பிடமாக அமைந்தது குறிப்பிடத்தக்கது. பெற்றோருடன் மதுரை சென்ற அவருக்குப் பொற்றாமரைக் குளத்தில் ஒரு சிவலிங்கம் கிடைத்ததாக மடத்து வரலாறு கூறுகின்றது. சொக்கநாதர் என்ற பெயரில் அம்மூர்த்தியே இன்றளவும் மடத்தின் வழிபடு கடவுளாக விளங்குகிறது.

குருவைத் தேடிய அவர் திருவாரூரில் கமலை ஞானப்பிரகாசரை அடைந்து மாணாக்கரானார். ஓர் இரவு, கோயிலில் அர்த்தசாம வழிபாடு முடித்துத் திரும்பிய ஆசிரியருக்குக் கைவிளக்கு ஏந்திச் சென்றார் என்றும், வீட்டு வாயிலில் நிற்குமாறு ஆசிரியர் கூறிய சொல்லை மீறாது கொட்டும் மழையில் விடியும்வரை விளக்குடன் நின்றார் என்றும், அவ்விளக்கு அணையாதிருந்தது என்றும் மரபுவழிச் செய்தி உண்டு. அதன் பின்னர் ஞானப்பிரகாசர் அவரைத் தருமபுரம் சென்று தகுதியுடையோர்க்கு உபதேசம் செய்யுமாறு பணித்தார். கற்பித்தல் என்னும் ஆணையிலிருந்தே மடம் தோன்றியது என்பதை இச்செய்தி உணர்த்துகிறது. சிவபோகசாரம், சொக்கநாத வெண்பா, முத்தி நிச்சயம் முதலிய நூல்களை அவர் இயற்றினார்.

முதல் தலைமை மாற்றம்

மடத்தின் முதல் தலைமை மாற்றமே இடர்ப்பாடு உடையதாக இருந்தது. குருஞானசம்பந்தர் தம் மாணாக்கருள் ஆனந்தபரவசருக்கு உபதேசம் செய்து பீடத்தை அளித்துவிட்டு நிட்டையில் அமர்ந்தார். உபதேசம் பெற்ற ஆனந்தபரவசரோ சிவானந்தத்தில் தோய்ந்து, உலக நினைவின்றி அந்நிலையிலேயே முத்தியடைந்தார். இதனால் மரபு தொடர வழியில்லாமல் போகவே, மற்றொரு மாணாக்கராகிய சச்சிதானந்தர் வருந்தி வேண்டினார். குரு நிட்டை கலைந்து வெளிப்பட்டு, சச்சிதானந்தருக்கு உபதேசம் அளித்து அவரைப் பீடத்தில் அமர்த்தினார் என்று மடத்து மரபு கூறுகிறது.

இவ்வரலாற்றை அற்புதச் செய்தியாகக் கொள்ளினும் கொள்ளாவிடினும், அது உணர்த்தும் விதி தெளிவானது. ஞானம் கைவரப் பெறுதல் மட்டும் பீடத்திற்குப் போதிய தகுதியன்று. பிறருக்குக் கற்பித்து மரபை நடத்துவதற்கு உலகில் நிற்பவரே பீடத்திற்கு உரியவர். ஆயினும் ஆனந்தபரவசர் மரபிலிருந்து நீக்கப்படவில்லை. இரண்டாம் குருவாக அவரையே மடம் போற்றுகிறது. மடத்தைச் சார்ந்த ஆனந்தபரவசர் பூங்கா அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாசிலாமணி தேசிகரும் குமரகுருபரரும்

நான்காம் குருவாகிய மாசிலாமணி தேசிகர் காலத்தில், 17 ஆம் நூற்றாண்டில், திருவைகுண்டத்தைச் சேர்ந்த குமரகுருபரர் தருமபுரம் வந்தார். பெரும் புலவராக அறியப்பட்டிருந்த அவரிடம் பெரியபுராணச் செய்யுள் ஒன்றைக் கூறி அதன் அனுபவப் பொருளைத் தேசிகர் வினவினார். சொற்பொருள் அறிந்திருந்தும் அனுபவம் கூற இயலாத குமரகுருபரர், அவரையே குருவாகக் கொண்டு பண்டார மும்மணிக்கோவை என்னும் நூலைப் பாடினார். பின்னர் காசிக்குச் சென்று அங்கு ஒரு மடம் நிறுவினார். அம்மரபில் வந்த தில்லைநாயக சுவாமிகள் 1720 ஆம் ஆண்டில் திருப்பனந்தாளில் காசி மடத்தை ஏற்படுத்தினார். இவ்வாறு ஒரு வகுப்பறை வினா இரு மடங்களின் தோற்றத்திற்குக் காரணமாயிற்று.

தலைமை ஏற்கும் முறை

மடத்துத் தலைமை பிறப்பு வழியில் மகனுக்கு வருவதன்று. மரபுப்படி மணம் செய்யாத துறவியரே தலைமைக்கு உரியர்; அவர்கள் சைவ வேளாளர் மரபினராக இருந்து வந்துள்ளனர். மடத்தில் சேர்பவர் படிப்படியாகப் பின்வரும் நிலைகளைக் கடந்து செல்வார்.

1. சமய தீட்சை: சிவபூசைக்கு முன்னோடியான ஐந்தெழுத்து உபதேசம் பெறுதல்.
2. விசேட தீட்சை: தாமே சிவபூசை செய்யும் உரிமை பெறுதல்.
3. நிர்வாண தீட்சை: ஞான நூல்களைக் கேட்டுச் சிந்திக்கும் தகுதி பெறுதல்.
4. ஆசாரியாபிடேகம்: பிறருக்குத் தீட்சையளித்துக் கற்பிக்கும் உரிமை பெறுதல்.

குருமகாசந்நிதானம் முத்தியடைந்ததும் அவரது குருமூர்த்தம் அமைக்கப்படும். அதனைத் தொடர்ந்து குறித்த நாளில் இளைய சந்நிதானம் பீடமேற்பார். இந்நிகழ்வு ஞானபீடாரோகணம் எனப்படும். முந்தைய குருமார்களின் பெயர்கள் மீண்டும் சூட்டப்படுவது வழக்கமாகும்.

அண்மைக்காலத் தலைமை மாற்றங்கள்

தருமபுரத்தின் 25 ஆவது குருமகாசந்நிதானம் கயிலை சுப்பிரமணிய தேசிக ஞானசம்பந்த பரமாசாரிய சுவாமிகள் 1971 ஆம் ஆண்டு வரை பீடத்தில் இருந்தார். அவரையடுத்துப் பொறுப்பேற்ற 26 ஆவது குருமகாசந்நிதானம் சண்முக தேசிக ஞானசம்பந்த பரமாசாரிய சுவாமிகள் ஏறத்தாழ 48 ஆண்டுகள் தலைமை வகித்து, 2019 திசம்பர் 4 அன்று முத்தியடைந்தார். இளைய சந்நிதானமாக இருந்த மாசிலாமணி தேசிக ஞானசம்பந்த பரமாசாரிய சுவாமிகள் 2019 திசம்பர் 13 அன்று 27 ஆவது குருமகாசந்நிதானமாகப் பீடமேற்றார். குமரகுருபரரின் குருவுடைய பெயரே இவருக்கும் அமைந்துள்ளது.

ஏனைய மடங்களிலும் இதே காலப்பகுதியில் மாற்றங்கள் நிகழ்ந்தன. குன்றக்குடியில் 1995 ஆம் ஆண்டில் குன்றக்குடி அடிகளார் மறைந்தபின் பொன்னம்பல அடிகளார் பொறுப்பேற்றார். திருவாவடுதுறையில் 2012 ஆம் ஆண்டில் 24 ஆவது குருமகாசந்நிதானம் பீடமேற்றார். பேரூரில் 2018 ஆம் ஆண்டில் சாந்தலிங்க இராமசாமி அடிகளார் மறைந்தபின் மருதாசல அடிகளார் தலைமை ஏற்றார். மதுரை ஆதீனத்தின் 292 ஆவது தலைவர் 2021 ஆகத்து 13 அன்று மறைய, அம்மாதமே 293 ஆவது தலைவர் பொறுப்பேற்றார்.

மதுரையில் 2012 ஏப்பிரலில், மடத்துக்கு வெளியிலிருந்து நித்தியானந்தர் 293 ஆவது தலைவராக அறிவிக்கப்பட்டதும், பிற ஆதீனங்களின் எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தபின் அவ்வாண்டு அக்டோபரில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டதும் பரவலாகப் பேசப்பட்டன. இருக்கும் தலைவர் ஒருவரைப் பெயர் சுட்டினால் மட்டும் போதுமா, அல்லது அம்மடத்தின் தீட்சையும் பயிற்சியும் வேண்டுமா என்பதே அதில் எழுந்த அடிப்படை வினாவாகும்.

கல்விப் பணி

ஆதீனத்தின் பாடத்திட்டம் இரண்டு தொகுதிகளின் மேல் அமைந்தது. ஒன்று பன்னிரு திருமுறை. மற்றொன்று சிவஞானபோதம் முதலாகிய 14 மெய்கண்ட சாத்திரங்கள். திருமுறை இசையுடன் ஓதப்படுவது. சாத்திரம் ஆசிரியரிடம் பாடம் கேட்டு உணரப்படுவது. சிவஞானபோதம் 12 சூத்திரங்களே உடையது. அதனை உரையின்றித் தாமே படித்துப் பொருள் கொள்வது எளிதன்று. பாடம் சொல்லும் மரபு அறுபடக்கூடாது என்று மடங்கள் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

தேவாரப் பாடசாலையில் பண்ணிசையும், வேத சிவாகமப் பாடசாலையில் கோயில் பூசை முறைகளும் கற்பிக்கப்படுகின்றன. 1946 ஆம் ஆண்டில் தமிழ்க் கல்விக்கெனத் தொடங்கப்பட்ட கல்லூரி பின்னர் தருமபுரம் ஆதீனக் கலைக் கல்லூரியாக வளர்ந்தது. திருமுறைகள் அனைத்தையும் உரையுடன் பதிப்பித்தது இம்மடத்தின் பெரும்பணியாகும். அவ்வுரைகள் பின்னர் இணையத்திலும் ஏற்றப்பட்டமையால், அயல்நாட்டுத் தமிழரும் அவற்றைப் படிக்க முடிகிறது.

இல்லறத்தார்க்கு மடங்கள் கற்பிப்பது புதிய வழக்கமன்று. யாழ்ப்பாணத்து ஆறுமுகருக்கு நாவலர் என்னும் பட்டத்தை 1849 ஆம் ஆண்டில் வழங்கியது திருவாவடுதுறை ஆதீனமே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ. வே. சாமிநாதையர் பயின்றதும், 1876 ஆம் ஆண்டில் பிள்ளை மறைந்தபின் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்டதும் அம்மடத்திலேயாகும். தேசிகரோ தலைவர், ஐயரோ துறவியும் அல்லர், தீட்சை பெற்ற மடத்து அடியவரும் அல்லர்.

இவ்வழக்கத்தின் இன்றைய வடிவமாகத் திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவ சித்தாந்த நேர்முகப் பயிற்சி வகுப்புகளைக் கூறலாம். பல ஊர்களில் மையங்கள் அமைத்து, மாதம் ஒரு நாள் என்னும் முறையில் இரண்டு ஆண்டுகள் நடத்தப்படும் இவ்வகுப்புகளில் பணியிலுள்ளோரும் இல்லத்தரசியரும் சேர்ந்து பயில்கின்றனர். நிறைவு செய்வோர்க்குச் சித்தாந்த இரத்தினம் என்னும் பட்டம் அளிக்கப்படுகிறது. ஓர் அணி நிறைவுற்றதும் அடுத்த அணிக்கான சேர்க்கை அறிவிக்கப்படும்.

சட்டமும் விவாதங்களும்

மடத்தலைவர் பதவி வெறும் சொத்துரிமையன்று, வெறும் பணிப்பொறுப்பும் அன்று, இரண்டும் கலந்தது என 1954 ஆம் ஆண்டின் சிரூர் மட வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1959 ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி, தலைவர் பதவி வெற்றிடமாகி வாரிசுரிமையில் பூசல் எழுந்தால், சொத்துகளைப் பாதுகாக்க இடைக்கால ஏற்பாடு செய்ய ஆணையருக்கு அதிகாரம் உண்டு. இளைய சந்நிதானத்தை முன்னதாகவே தெரிந்தெடுக்கும் வழக்கம் இவ்வகையிலும் மடத்தின் தன்னாட்சிக்குக் காப்பாகிறது.

வைகாசி குருபூசை விழாவின் நிறைவில் தலைவரைச் சிவிகையில் அமர்த்தி மனிதர் சுமந்து வீதியுலா செல்லும் பட்டினப் பிரவேசம் நடைபெறும். மனிதரை மனிதர் சுமப்பது மாண்புக்கு ஒவ்வாது எனத் திராவிட இயக்கத்தினர் எதிர்த்தனர். விரும்பிச் செய்யும் குருபத்தியே இது என அடியார்கள் வாதிட்டனர். 2022 ஏப்பிரலில் மயிலாடுதுறைக் கோட்டாட்சியர் சிவிகை சுமக்கத் தடை விதித்தார். அத்தடை மே மாதத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டு, 2022 மே 22 அன்று விழா நடைபெற்றது.

சீர்காழிச் செப்பேடுகள்

ஆதீனத்தின் நிருவாகத்திலுள்ள சீர்காழி சட்டைநாதர் கோயிலில், குடமுழுக்குப் பணிக்காக 2023 ஏப்பிரல் 16 அன்று மண் தோண்டியபோது 22 செப்புத் திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த 400க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. பாடலின் எழுத்தை இவ்வாறு உலோகத்தில் பொறித்து மண்ணுக்குள் காக்க இயலும். ஆனால் பண்ணும் பொருளும் ஓதுவாரிடமும் ஆசிரியரிடமும் கேட்டே கற்கப்படுவன. பயில வருவோர் குறைந்தால் பீடத்திற்கு உரியவரைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பும் குறையும் என்பதால், பாடசாலைகளில் புதிய மாணவர் சேர்வது மடத்தின் எதிர்காலத்தோடு நேரடியாகத் தொடர்புடையதாகும்.

இவற்றையும் பார்க்க

திருவாவடுதுறை ஆதீனம்
திருப்பனந்தாள் காசி மடம்
குமரகுருபரர்
மெய்கண்ட சாத்திரங்கள்
திருவில்லிபுத்தூர்